கண்ணுக்குள்ள இருக்கிற தண்ணியும் கண்ணீரும் ஒண்ணு இல்லைங்க

கேள்வி: டாக்டர் வணக்கம். எங்க அம்மாவுக்கு 67 வயசு. வலது கண்ணுல ரெண்டு வருஷம் முன்னாடி புரை ஆப்பரேஷன் பண்ணி லென்ஸ் வச்சோம். இப்ப செக்கப் போனா இடது கண்ணுல தண்ணி பிரஷர் 28 இருக்கு, ஆங்கிள் குறுகலா இருக்கு, லேசர்ல ஒரு ஓட்டை போடணும், சொட்டு மருந்தும் விடாம போடணும்ங்கிறாங்க. அம்மா "ஓட்டை போட்டா தண்ணியெல்லாம் கொட்டிப்போய் கண்ணு சுருங்கிடும்"னு பயந்து மாட்டவே மாட்டேங்குறாங்க. தண்ணி கம்மியா குடிச்சா பிரஷர் இறங்கும்னு பக்கத்து வீட்டு அக்கா சொன்னதுல இருந்து சரியா தண்ணி கூட குடிக்கிறதில்ல. வலது கண்ணும் இப்ப மங்கலா இருக்காம், புரை திரும்ப வந்துடுச்சா? இன்னொண்ணு, என் வீட்டுக்காரருக்கு 52 வயசு, சின்ன வயசுல இருந்தே மைனஸ் 7 பவர். நாலு நாளா ஒரு கண்ணுல கருப்பா நூல் நூலா பறக்குது, ராத்திரி ஓரத்துல மின்னல் வெட்டுதுங்கிறார். இதுவும் தண்ணி கோளாறு தானேன்னு அம்மாவோட சொட்டு மருந்தை ரெண்டு ராத்திரி அவரே போட்டுக்கிட்டார். அவருக்கு வீசிங் வேற உண்டு. கடைசியா, அம்மா கண் தானம் பண்ணணும்னு ஆசைப்படுறாங்க, ஆப்பரேஷன் பண்ணின கண்ணை எடுத்துக்குவாங்களா?

பதில்:

மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம், மொதல்ல உங்க வீட்டுக்காரர். இதைப் படிச்ச உடனே, முடிஞ்சா இன்னிக்கே, ரெட்டினா டாக்டர் இருக்கிற கண் ஆஸ்பத்திரிக்கு அவரைக் கூட்டிட்டுப் போங்க. ரெட்டினாங்கிறது கண்ணோட பின் சுவர்ல உள்பக்கமா ஒட்டியிருக்கிற, நாம பார்க்கிறது படமா விழுற திரை. ஞாயித்துக்கிழமை போலாம், சம்பளம் வரட்டும்னு தள்ளிப் போடாதீங்க. கண்ணாடிக் கடையில பவர் செக் பண்ணிட்டு வர்றதும் இதுக்குப் பத்தாது. கண் பாப்பாவை விரிய வைக்கிற சொட்டு ஊத்தி, ரெட்டினாவோட ஓரம் வரைக்கும் சுத்திப் பார்க்கணும். ஊத்தினதுக்கப்புறம் சில மணி நேரம் வெளிச்சம் கூசும், எழுத்து மங்கும், அதனால பைக்கை அவர் கையில கொடுக்காதீங்க, கூட யாராவது போங்க.

அம்மாவோட சொட்டு மருந்தை அவர் இனிமே தொடவே கூடாது. மருந்து பேரை நீங்க எழுதல, ஆனா கண் பிரஷருக்கு எழுதுறதுல டிமோலால் ரொம்ப சாதாரணமா புழங்குற மருந்து, தனியாவும் வரும், இன்னொரு மருந்தோட கலந்து ஒரே பாட்டிலாவும் வரும், வீசிங் இருக்கிறவங்களுக்கு அது ஆகவே ஆகாது, மூச்சுக்குழாயை சுருக்கிடும், நாடித்துடிப்பையும் இறக்கிடும். கண்ணுல விடுற ஒரு சொட்டு நெஞ்சு வரைக்கும் எப்படிப் போகும்னு கேப்பீங்க. இமையோட உள் ஓரத்துல, மூக்கை ஒட்டி, மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ஊசி முனை அளவுக்கு ரெண்டு துளை இருக்கு. கண்ணீர் அது வழியாத்தான் மூக்குக்குள்ள இறங்குது, அழுதா மூக்கு ஒழுகுறதும் கண்ணுக்கு மருந்து விட்டா தொண்டை கசக்குறதும் இதனாலதான். கண்ணு மேல ஒரு நேரத்துல இருக்கிற கண்ணீர் மொத்தமே 7 மைக்ரோலிட்டர் பக்கம், பாட்டில்ல இருந்து விழுற ஒரு சொட்டு 30-ல இருந்து 50 மைக்ரோலிட்டர், அப்போ மீதி எங்க போகும், கொஞ்சம் கன்னத்துல வழியும், கொஞ்சம் மூக்குக்குள்ள போய் அங்க இருக்கிற மெல்லிசு சவ்வு வழியா நேரா ரத்தத்துல கலந்துடும். மாத்திரையா முழுங்கியிருந்தா ஈரல்ல கொஞ்சம் அழிஞ்சிருக்கும், இதுல அதுவும் இல்ல. அந்த ரெண்டு ராத்திரியும் நெஞ்சு இறுக்கமா, மூச்சு வாங்குறாப்ல இருந்துச்சான்னு கேளுங்க. ஆஸ்பத்திரில அந்த பாட்டிலையும் காட்டி, இதைப் போட்டார்னு மறைக்காம சொல்லுங்க, யாரும் திட்ட மாட்டாங்க, திட்டினாலும் பரவால்ல.

சரி, இப்போ குழப்பம் எங்க இருக்குன்னு சொல்றேன். உங்க வீட்டுல ரெண்டு பேருக்கும் "கண்ணுல தண்ணி கோளாறு"ன்னு ஒரே பேர் வச்சிட்டீங்க. நம்ம ஊர்ல நிறைய வீட்டுல இப்படித்தான் நடக்குது. ஆனா கண்ணுல மூணு தனித்தனி தண்ணி இருக்கு, ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் கொடுக்கல் வாங்கல் ரொம்ப கம்மி. கண்ணீர் கண்ணுக்கு வெளிய, கருவிழி மேல, அதாவது கண்ணோட முன்பக்கம் கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கிற படலத்து மேல, மெல்லிசா பரவி நிக்கிறது. அடுத்தது கருவிழிக்குப் பின்னாடி, லென்ஸுக்கு முன்னாடி இருக்கிற தெளிவான தண்ணி, அக்வஸ்னு சொல்லுவோம், அம்மாவுக்கு பிரஷர் ஏறியிருக்கிறது இதுல. மூணாவது லென்ஸுக்குப் பின்னாடி, கண்ணோட பெரும்பகுதியை ரொப்பிக்கிட்டு இருக்கிற விட்ரியஸ், உங்க வீட்டுக்காரருக்குப் பிரச்சினை இங்க. வெளிச்சம் ரெட்டினாவுக்குப் போய்ச் சேரணும்னா கண்ணீர், கருவிழி, அக்வஸ், லென்ஸ், விட்ரியஸ் இந்த அஞ்சையும் தாண்டித்தான் போகணும், அஞ்சுமே கண்ணாடியா தெளிவா இருக்கணும். அதுல எது கெட்டுச்சோ அதுக்குத் தக்கபடி நோயும் வேற, மருந்தும் வேற. பிரஷர் சொட்டு மருந்தை லிட்டர் கணக்குல ஊத்தினாலும் விட்ரியஸ்ல பறக்கிற நூல் ஒண்ணு கூட போகாது.

விட்ரியஸ் தண்ணின்னு சொன்னாலும் அது நிஜத்துல தண்ணி இல்ல, ஒரு ஜெல்லி, பிஞ்சு நுங்கை நினைச்சுக்கோங்க. அளவு சுமாரா 4 மில்லி, அதுல 98, 99 சதவீதம் தண்ணிதான், மீதி இருக்கிற துளியூண்டு கொலாஜன் இழையும் ஹையலுரானிக் ஆசிடும்தான் அவ்வளவு தண்ணியையும் ஓடவிடாம பிடிச்சு வச்சிருக்கு. இன்னிக்கு முகத்துக்குப் போடுற கிரீம்லயும் முட்டிக்குப் போடுற ஊசிலயும் ஹையலுரானிக் ஆசிட் வருதுல்ல, அதை மொத மொதல்ல 1934-ல கார்ல் மேயரும் ஜான் பாமரும் பிரிச்செடுத்தது மாட்டுக் கண்ணோட விட்ரியஸ்ல இருந்துதான். வயசாக ஆக இந்த ஜெல்லி உள்ளுக்குள்ளயே அங்கங்க உருகி நீர்த்துப் போகும், இழையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி திரியா ஆகும். அந்தத் திரியோட நிழல் ரெட்டினா மேல விழுறதைத்தான் அவர் நூல் பறக்குதுங்கிறார். வெள்ளைச் சுவரைப் பார்த்தா, வானத்தைப் பார்த்தா இன்னும் நல்லா தெரியும், கண்ணைத் திருப்பினா அதுவும் கூடவே நழுவி ஓடும்.

இது வரைக்கும் பயம் இல்ல, பாதிப் பேருக்கு அம்பது அறுபது வயசுல இது இருக்கும். பயம் அடுத்த கட்டத்துல. நீர்த்துப் போன ஜெல்லி ஒரு நாள் ரெட்டினாவை விட்டு உரிஞ்சு முன்னாடி வந்துடும். நிறையப் பேருக்கு சுத்தமா உரிஞ்சு வந்துடும், ஒண்ணும் ஆகாது. சிலருக்கு ஒரு இடத்துல கெட்டியா ஒட்டியிருக்கும், அங்க இழுக்கும். ரெட்டினாவுக்கு வலி தெரியாது, அதைத் தொட்டாலும் இழுத்தாலும் அதுக்குத் தெரிஞ்ச ஒரே பாஷை வெளிச்சம், அதான் மின்னல். இருட்டுல ஓரத்துல மின்னுதுன்னா ஜெல்லி ரெட்டினாவை இழுத்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். திடீர்னு புதுசா நூல் பறந்து மின்னலோட வர்றவங்கள்ல பத்துல ஒருத்தருக்குக் கொஞ்சம் மேலயே ரெட்டினாவுல கிழிசல் இருக்கும். உங்க வீட்டுக்காரருக்கு மைனஸ் 7 வேற, அந்த மாதிரி கண்ணு நீளமா இருக்கும், ரெட்டினா ஓரத்துல இழுபட்டு மெலிஞ்சிருக்கும், ஜெல்லியும் மத்தவங்களை விட முன்னாடியே உருகும், அதனாலதான் நான் இன்னிக்கே போங்கன்னு குதிக்கிறேன்.

கிழிசல் மட்டும் இருந்தா அதைச் சுத்தி லேசர் போட்டு ஒட்டி விட்டுடுவாங்க, அட்மிஷன் கூட வேண்டாம், உக்காந்த இடத்துல முடிஞ்சிடும், தழும்பு ஆகி நல்லா பிடிக்க ரெண்டு வாரம் ஆகும். லேட் பண்ணினா அந்தக் கிழிசல் வழியா உருகின தண்ணி ரெட்டினாவுக்குப் பின்னாடி புகுந்து அதைச் சுவர்ல இருந்து பெயர்த்துடும். அப்போ ஒரு பக்கத்துல இருந்து கருப்புத் திரை விழுந்தாப்ல பார்வை மறையும். அது நடுப்பகுதியைத் தொடுறதுக்கு முன்னாடி வந்தா பார்வையைக் காப்பாத்த நல்ல வாய்ப்பு, தொட்டுட்டா ஆப்பரேஷன் நல்லா நடந்தாலும் பழைய கூர்மை முழுசா வர்றது கஷ்டம். நூறு வருஷம் முன்னாடி இதுக்கு வைத்தியமே கிடையாது, அசையாம மாசக்கணக்குல படுத்துக் கிடக்கச் சொல்லுவாங்க. சுவிட்சர்லாந்து லோசான் ஊர்ல ஜூல்ஸ் கோனின்னு ஒரு டாக்டர்தான் 1920-கள்ல கிழிசலைத் தேடிப்பிடிச்சு அடைச்சாத்தான் ரெட்டினா ஒட்டும்னு பண்ணிக் காட்டினார், இன்னிக்கு நாங்க லேசர் போடுறதும் அதே கொள்கைல தான்.

ஒருவேளை ரெட்டினா பெயர்ந்திருந்து ஆப்பரேஷன் பண்ணி உள்ள கேஸ் குமிழி வச்சாங்கன்னா ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க. கேஸ் கரையற வரைக்கும் ஃப்ளைட் ஏறக் கூடாதுன்னு எல்லாரும் சொல்லுவாங்க, ஆனா கொடைக்கானல், ஊட்டி கார்ல போறதும் கூடாதுன்னு பல பேருக்குத் தோணாது. மேல போகப் போக காத்தழுத்தம் குறையும், கண்ணுக்குள்ள கேஸ் விரியும், பிரஷர் எகிறும், பார்வையே போயிடலாம். அந்த ஆப்பரேஷன்ல விட்ரியஸ் ஜெல்லியை எடுத்திருந்தா அது திரும்ப ஊறாது, அந்த இடத்தைப் பின்னால அக்வஸ் தண்ணியே ரொப்பிக்கும், அதுலயும் நல்லாவே பார்க்கலாம். ரெட்டினாவை டாக்டர் பார்த்துட்டு கிழிசல் ஒண்ணும் இல்ல, வெறும் நூல்தான்னு சொன்னாருன்னா சந்தோஷமா வீட்டுக்கு வாங்க, அதுக்கு சொட்டு மருந்தும் வேண்டாம் டானிக்கும் வேண்டாம், சில மாசத்துல மூளை அதைக் கண்டுக்காம விட்டுடும். ஆனா மொத சில வாரத்துல நூல் இன்னும் கூடினாலோ, மிளகுத்தூள் தூவினாப்ல புள்ளி புள்ளியா கொட்டினாலோ, திரை விழுந்தாலோ மறுபடி ஓடணும்.

இப்போ அம்மா. அக்வஸ் தண்ணி கருவிழிக்குப் பின்னாடி இருக்கிற கலர் வளையம் இருக்குல்ல, ஐரிஸ், அதுக்குப் பின்னாடி ஊறுது. நிமிஷத்துக்கு ரெண்டு மூணு மைக்ரோலிட்டர். அங்க இருந்து பாப்பா வழியா முன்னாடி வந்து, ஐரிஸும் கருவிழியும் சேர்ற மூலையில இருக்கிற சல்லடை வழியா வடிஞ்சு ரத்தக் குழாய்ல கலந்துடும். அந்த மூலையைத்தான் ஆங்கிள்ங்கிறாங்க. ரெண்டு மணி நேரத்துக்குள்ள இந்தத் தண்ணி மொத்தமும் மாறிப் புதுசாயிடும். இது சும்மா ஓடல, கருவிழிலயும் லென்ஸ்லயும் ரத்தக் குழாயே கிடையாது, ரத்தம் ஓடினா வெளிச்சம் எப்படிப் போகும், அதனால அதுங்களுக்குச் சாப்பாடு போடுறதும் கழிவை அள்ளுறதும் இந்தத் தண்ணிதான். ஊறுற வேகமும் வடியிற வேகமும் சமமா இருந்தா பிரஷர் 10-ல இருந்து 21-க்குள்ள நிக்கும். அம்மாவுக்கு 28-னா வடிகால் அடைபட்டிருக்கு. அந்த அழுத்தம் போய் உக்கார்றது பின்னாடி இருக்கிற பார்வை நரம்பு மேல. பத்து லட்சத்துக்கு மேல இழை இருக்கிற நரம்பு அது, செத்த இழை திரும்ப முளைக்காது, ஓரப் பார்வைல இருந்து சத்தமில்லாம போகும், வலிக்காது, அதனாலதான் அம்மாவுக்கு இதை நம்பவே முடியல.

கண்ணீரோட இதுக்கு ஒரு தொடர்பும் இல்ல. கண்ணுல நீர் வடியிறவங்களுக்கு பிரஷர் இருக்கணும்னு இல்ல, பிரஷர் இருக்கிறவங்களுக்கு நீர் வடியணும்னும் இல்ல, நல்லா அழுதா இறங்கும்ங்கிறதும் பொய். அதே மாதிரி பிபி மாத்திரை போடுறதால கண் பிரஷரும் அடங்கிடும்னு நினைக்காதீங்க, அது வேற இது வேற.

ஓட்டை விஷயத்துக்கு வர்றேன், அம்மா கேட்டது நியாயமான கேள்வி, அதை யாரும் ஆஸ்பத்திரில உக்காந்து விளக்கலைங்கிறதுதான் எனக்கு வருத்தம். வயசாக ஆக லென்ஸ் தடிச்சுக்கிட்டே போகும், வாழ்நாள் பூரா வளர்ற சாமான் அது. தடிச்ச லென்ஸ் ஐரிஸை முன்னாடி தள்ளும், பாப்பா வழியா தண்ணி வர்றது கஷ்டமாகும், பின்னாடியே தேங்கி ஐரிஸை இன்னும் முன்னுக்குத் தள்ளும், மூலை மூடிக்கும். லேசர்ல போடுற ஓட்டை ஐரிஸ்ல, அதாவது கண்ணுக்கு உள்ளயே, மேல் இமை மறைக்கிற ஓரமா, கடுகுல பாதி கூட இருக்காது. தேங்கின தண்ணி அது வழியா பின் அறைல இருந்து முன் அறைக்கு வரும், அவ்வளவுதான். ஒரு சொட்டு கூட வெளிய வராது, கண்ணு சுருங்காது. மரத்துப்போக சொட்டு விட்டு, மிஷின் முன்னாடி உக்கார வச்சு சில நிமிஷத்துல முடிச்சு அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க, கொஞ்சம் தலைவலி, கூச்சம் இருக்கும், ரெண்டு நாள்ல போயிடும்.

வலது கண்ணுல ஏன் பிரஷர் இல்லன்னு நீங்க யோசிச்சிருக்கலாம். அங்க தடிச்ச லென்ஸை எடுத்துட்டு மெல்லிசா செயற்கை லென்ஸ் வச்சுட்டாங்க, ஐரிஸ் பின்னாடி நகர்ந்துடுச்சு, மூலை திறந்துடுச்சு. அதனால இடது கண்ணுலயும் புரை இருந்தா, ஆப்பரேஷனையே சீக்கிரம் பண்ணிடலாமான்னு டாக்டரைக் கேளுங்க, சிலருக்கு அதுவே பாதி வைத்தியம் ஆயிடும், யாருக்கு எதுன்னு ஆங்கிளையும் நரம்பையும் பார்த்தவங்கதான் சொல்ல முடியும்.

லேசர் போடுற வரைக்கும் ரெண்டு விஷயத்துல உஷாரா இருங்க. சளிக்கு, அலர்ஜிக்கு மெடிக்கல்ல கேட்டு வாங்குற மாத்திரை சிலது பாப்பாவை விரிச்சு அந்த மூலையை ஒரேயடியா மூடிடும், எந்த டாக்டர்கிட்ட போனாலும் ஆங்கிள் குறுகலா இருக்குன்னு சொல்லிடுங்க. ஒரு நாள் சாயங்காலமோ ராத்திரியோ திடீர்னு கண்ணு செவந்து, அந்தப் பக்கம் மண்டையே வெடிக்கிற மாதிரி வலிச்சு, பல்பைச் சுத்தி வானவில் வளையம் தெரிஞ்சு, வாந்தி வந்தா அது பித்தமும் இல்ல ஒத்தைத் தலைவலியும் இல்ல. வாந்தின்னதும் வயித்துக்கு ஊசி போட்டு ராத்திரியை ஓட்டிடுறாங்க, விடிஞ்சு பார்த்தா கண்ணு போயிருக்கும். நேரா கண் ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போங்க.

தண்ணி குடிக்கிற கதைல பக்கத்து வீட்டு அக்கா சொன்னதுல ஒரு இம்மி உண்மை இருக்கு. ஒரே மூச்சுல ஒரு லிட்டர் தண்ணியை மடக்கு மடக்குன்னு குடிச்சா கொஞ்ச நேரம் கண் பிரஷர் ஏறும், இதை வச்சு ஒரு டெஸ்ட்டே உண்டு. அதுக்காக நாள் முழுக்க தண்ணி குடிக்காம இருந்தா இந்த வெயில்ல அம்மாவுக்கு யூரின் இன்ஃபெக்ஷனும் மயக்கமும்தான் வரும், கண்ணுக்கு ஒரு லாபமும் கிடையாது. அரை டம்ளர் ஒரு டம்ளரா பிரிச்சு எப்பவும் குடிக்கிற அளவைக் குடிக்கட்டும். யோகா கிளாஸ் போறவங்கன்னா சிரசாசனம் மட்டும் வேண்டாம், தலைகீழா நிக்கிறப்போ கண் பிரஷர் ரெண்டு மடங்கு பக்கம் போயிடும்.

சொட்டு மருந்தை ஒழுங்கா போடுறது ஒரு கலை. கீழ் இமையை இழுத்து ஒரே ஒரு சொட்டு, பாட்டில் முனை கண்ணுல படாம. அப்புறம் கண்ணை மூடிக்கிட்டு, மூக்கை ஒட்டின அந்த மூலையை விரலால ரெண்டு நிமிஷம் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்க, மேல சொன்ன துளை மூடிக்கும், மருந்து கண்ணுலயே தங்கும், நெஞ்சுக்குப் போறதும் குறையும். ரெண்டு மருந்து இருந்தா நடுவுல அஞ்சு நிமிஷம் விடணும், இல்லன்னா ரெண்டாவது சொட்டு மொத சொட்டை அடிச்சுக்கிட்டுப் போயிடும். பாட்டில் தீர்ந்துடுச்சு, கண்ணு நல்லாதானே தெரியுதுன்னு நிறுத்தக் கூடாது, இந்த மருந்தால பார்வை கூடாது, இருக்கிற பார்வை குறையாம இருக்கத்தான் அது. செவப்பா இருக்குன்னு மெடிக்கல்ல வாங்குற சொட்டுல ஸ்டீராய்டு இருந்தா பிரஷர் தானா ஏறும், புரையும் சீக்கிரம் வரும், அதை அம்மா பக்கமே அண்ட விடாதீங்க. உங்களையும் சொல்றேன், கண் பிரஷரால நரம்பு கெடுற இந்த நோய்க்குப் பேர் குளுக்கோமா, அது குடும்பத்துல வர்றது, நீங்க நாப்பதைத் தாண்டியிருந்தா அம்மாவைக் கூட்டிட்டுப் போறப்போ உங்க பிரஷர், ஆங்கிள், நரம்பு மூணையும் பார்த்துட்டு வாங்க, கூடப்பிறந்தவங்களுக்கும் சொல்லுங்க.

வலது கண்ணு மங்கலுக்கு வர்றேன். எடுத்த புரை திரும்ப வராது. நம்ம லென்ஸ் ஒரு மெல்லிசு உறைக்குள்ள இருக்கு, ஆப்பரேஷன்ல உள்ள இருக்கிறதை மட்டும் எடுத்துட்டு அதே உறைக்குள்ள புது லென்ஸை வைப்பாங்க. மிச்சம் ஒட்டியிருக்கிற செல் சிலது அந்த உறையோட பின்பக்கத்துல பரவி மாசக்கணக்குல, வருஷக்கணக்குல அதை மங்கடிச்சிடும். யாக்னு ஒரு வகை லேசர்ல நடுவுல ஒரு ஜன்னல் திறந்துட்டா தெளிவாயிடும், சில நிமிஷ வேலை. அது முடிஞ்ச உடனே பிரஷர் கொஞ்சம் ஏறலாம், அம்மாவுக்கு ஏற்கனவே இந்தக் கதை இருக்குன்னு ஞாபகப்படுத்துங்க. ஆனா மங்கலுக்குக் காரணம் இதுதான்னு நீங்களே முடிவு பண்ணாதீங்க, சுகர் இருந்தா ரெட்டினாவும் பார்க்கணும். இப்போ சர்வசாதாரணமா வைக்கிற இந்தச் செயற்கை லென்ஸ் கதையே தனி. போர் விமானத்தோட பெர்ஸ்பெக்ஸ்ங்கிற பிளாஸ்டிக் கண்ணாடிச் சில்லு கண்ணுல ஏறின பைலட்டுகளைப் பார்த்த ஹரால்ட் ரிட்லிங்கிற கண் டாக்டர், அந்தச் சில்லு கண்ணை ஒண்ணும் பண்ணலைன்னு கவனிச்சு, அதே ஜாதிப் பொருள்ல லென்ஸ் செஞ்சு 1949-ல லண்டன்ல மொத ஆளுக்கு வச்சார், சக டாக்டர்களே அவரைப் பல வருஷம் திட்டித் தீர்த்தாங்க. வெளிநாட்டு லென்ஸ் விலைக்கு நம்ம ஜனம் பக்கத்துல கூட போக முடியாம இருந்தப்போ, 1992-ல மதுரைல ஆரோலேப்ங்கிற நிறுவனம் அதைச் செய்ய ஆரம்பிச்சதுக்கப்புறம்தான் விலை இறங்குச்சு.

கண் தானம் தாராளமா பண்ணலாம். புரை ஆப்பரேஷன் பண்ணினவங்க, கண்ணாடி போட்டவங்க, சுகர், பிபி, கண் பிரஷர் உள்ளவங்க எல்லாரும் கொடுக்கலாம், ஏன்னா இன்னொருத்தருக்கு வைக்கிறது முழுக் கண்ணை இல்ல, முன்னாடி இருக்கிற கருவிழியை மட்டும்தான், அதுவும் நடுவுல அரை மில்லிமீட்டர் கனம். கண்ணோட ஃபோகஸ் சக்தில மூணுல ரெண்டு பங்கு அந்த அரை மில்லிமீட்டர்லதான் இருக்கு. அதுல ரத்தக் குழாய் இல்லாததால உடம்பு அதை அந்நியன்னு சட்டுன்னு கண்டுபிடிக்காது, மத்த உறுப்பு மாத்தறதை விட இது ஒத்துப்போறது சுலபம், 1905-லயே எட்வர்ட் ஸிர்ம்னு ஒரு டாக்டர் இன்னிக்கு செக் நாட்டுல இருக்கிற ஓலோமோட்ஸ் ஊர்ல ஒரு கூலித் தொழிலாளிக்கு வச்சு ஜெயிச்சிருக்கார். இந்தியாவோட மொத கண் வங்கி 1945-ல நம்ம எழும்பூர் கண் ஆஸ்பத்திரில டாக்டர் முத்தையா ஆரம்பிச்சது.

கருவிழி தெளிவா நிக்கிறதுக்கு அதோட உள்பக்கம் ஒரே வரிசையா இருக்கிற செல்லுங்கதான் காரணம், அக்வஸ் தண்ணி உள்ள ஊறி ஊறி வீங்காம அதுங்க ராப்பகலா இறைச்சு வெளிய தள்ளிக்கிட்டே இருக்கும். நமக்குப் பொறந்ததோட சரி, அந்தச் செல் செத்தா புதுசா முளைக்காது. தானமா வந்த கருவிழி நல்லா இருக்கான்னு கண் வங்கில மைக்ரோஸ்கோப்ல எண்ணிப் பார்க்கிறது இதைத்தான், ஆப்பரேஷன் பண்ணின கண்ணுல எண்ணிக்கை கொஞ்சம் குறைஞ்சிருக்கும், போதுமா இல்லையான்னு அவங்க முடிவு பண்ணிக்குவாங்க, அதை யோசிச்சு நீங்க தயங்க வேண்டாம். எய்ட்ஸ், மஞ்சள் காமாலை பி, சி, வெறிநாய்க்கடி, ரத்தப் புற்றுநோய் இப்படி சிலதுல இறந்தவங்க கண்ணை மட்டும் எடுக்க மாட்டாங்க.

அம்மா நூறு வயசு இருக்கட்டும். அந்த நாள் வர்றப்போ வீட்டுல யாருக்கு ஃபோன் பண்றதுன்னு தெரியணும், கையெழுத்துப் போட்ட அட்டை பீரோவுல இருந்து பிரயோஜனம் இல்ல, பக்கத்து கண் வங்கி நம்பரை நீங்களும் உங்க கூடப்பிறந்தவங்களும் இப்பவே ஃபோன்ல சேவ் பண்ணிடுங்க. ஆறு மணி நேரத்துக்குள்ள எடுக்கணும், அது வரைக்கும் இமையை மூடி, மேல ஈரப் பஞ்சு வச்சு, ஃபேனை நிறுத்தி, தலைக்குக் கீழ ஒரு தலகாணி வச்சா போதும். வந்து எடுக்க இருபது நிமிஷம் ஆகும், முகம் அப்படியே இருக்கும், மாலை போடுறதுக்கோ பார்க்க வர்ற சொந்தக்காரங்களுக்கோ ஒரு வித்தியாசமும் தெரியாது.

அம்மா ஆஸ்பத்திரி போறப்போ பழைய ரிப்போர்ட், வலது கண்ணு ஆப்பரேஷன் சீட்டு, இப்போ போடுற எல்லா மருந்தையும் ஒரு பைல எடுத்துட்டுப் போங்க, ஆங்கிள் பார்த்த படமும் நரம்பு ஸ்கேனும் எடுத்தாங்கன்னா காப்பி வாங்கி வச்சுக்கோங்க, அடுத்த வருஷம் எவ்வளவு மாறியிருக்குன்னு அதை வச்சுத்தான் பார்க்க முடியும். ஆனா அது நாளைக்கு. இப்போ வீட்டுக்காரரைக் கிளப்புங்க.